சான் ஹோசேயில் கை நீட்டாத டாக்டர்

தங்கை ஸ்டெல்லாவுக்கு சான் ஹோசேயில் பித்தப்பை ஆபரேஷன். மாப்பிள்ளை ஜெரால்டுக்கு ஆஸ்பத்திரி வாடை பட்டாலே தலை சுற்றும். அதனால் போன அக்டோபரில் நியூஜெர்சியிலிருந்து நான் கிளம்பினேன். "இங்க இருந்தும் ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல, போயிட்டு வாங்க" என்று மனைவி அன்போடு வழியனுப்பினாள். இதே வேலையாக நாட்டின் குறுக்கே பறக்கப் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம்.

எங்கள் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் நாலு மைல். அங்கிருந்து நியூவர்க் விமான நிலையத்துக்கு ரயில் உண்டு. பார்க்கிங் செலவு மிச்சம். விமானம் ஆறரை மணி நேரம். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, பார்ட் ரயிலில் இடையில் ஒரு தடவை மாறினால் சான் ஹோசேயை ஒட்டிய மில்பிடாஸ். அங்கே முதல் வேலையாகப் பதினெட்டு டாலருக்கு நெய் மைசூர்பாகு வாங்கினேன். டாக்டருக்குத்தான். லஞ்சம் என்று சொல்லாதீர்கள். கத்தி அவர் கையில் இருக்கும்போது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முன் டாக்டரம்மா வந்ததும் டப்பாவை நீட்டினேன். "நாங்கள் வாங்குவதில்லை, நன்றி" என்றவர், சட்டென்று முகம் மாறி, "பேஷன்ட் இதில் எதுவும் சாப்பிடவில்லையே?" என்றார்.

ஸ்டெல்லா பல்லைக் கடித்தாள். "அண்ணே, ப்ளீஸ், வெயிட்டிங் ரூம்ல போய் உக்காரு. மானத்த வாங்காத."

வெயிட்டிங் ரூமில் பெரிய மீசைக்காரர் ஒருவர், மனைவியின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ருஸ்தம். சோவியத் யூனியன் உடைந்து பிறந்த நாடுகளில் ஒன்று அவருடையது. சொந்தபந்தம் இன்னும் அங்கே இருப்பதால் நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்றார். அடுத்த ஆபரேஷன், உள்ளே படுத்திருந்த அவர் மனைவிக்கு. டாக்டர் அதே அம்மாதான். அவர் பக்கத்தில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பிராந்தி பாட்டில். அவருடைய ஆங்கிலமும் என் நாகர்கோவில் ஆங்கிலமும் மோதிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

"உன்கிட்டயும் வாங்கலையா?" என்று டப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லை."

"எங்க ஊர்ல டாக்டர் வாங்கலைன்னா பேஷன்ட் பிழைக்க மாட்டாங்கன்னு அர்த்தம். சாகப் போற ஆள்கிட்ட வாங்குறது பாவம்னு விட்டுடுவாங்க. நான் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சிரிக்கப் போனேன்; அவர் நிஜமாகவே கோட்டோடு எழுந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் மனைவிக்கு ஒன்பது வருட வலி. அவர் ஊர் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனில் தொடங்கி சர்ஜன் வரை கொடுக்க வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இருந்த பணமெல்லாம் மகள் படிப்புக்கே போயிற்றாம்.

"மகள் என்ன பண்றாங்க?"

"அங்க டாக்டர். ஒவ்வொரு பரீட்சைக்கும் புரொபசருக்கு நான்தான் குடுத்தேன். அவ கையால ஒரு ஊசி கூடப் போட்டுக்க மாட்டேன்."

"ஐயா, என்கிட்டயும்தான் வாங்கல. அப்ப என் தங்கச்சி?" என்று மடக்கினேன்.

அவர் என் தோளைப் பரிவோடு தட்டினார். அத்தனை நேரம் இல்லாத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஸ்டெல்லா முதலில். அவள் நல்லபடியாக வந்தால் அவர் மனைவியை அனுப்ப வேண்டும். மனைவியைத் தயார்படுத்தலாமா என்று கேட்க வந்த நர்ஸிடம், "கொஞ்சம் பொறுங்க" என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, ஆபரேஷன் முடிந்தது என்று எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். ஸ்டெல்லா ஒரு கண்ணைத் திறந்தாள். "இன்னும் அந்த டப்பாவத் தூக்கிட்டா அலையற? வெக்கமே இல்லையாண்ணே?"

"என்ன சொல்றா?" என்றார் ருஸ்தம்.

"என்னைத் திட்டுறா."

"திட்டுறாளா? அப்ப பிழைச்சுட்டா!" என்று நர்ஸைத் தேடி ஓடினார்.

அவர் மனைவி உள்ளே இருந்த நேரத்தில் மைசூர்பாகு முழுவதையும் நாங்களே தின்று தீர்த்தோம். கொடுத்துக் கொடுத்துப் பழகினவனுக்கு, சும்மா தன் வேலையைச் செய்கிற டாக்டரைக் கண்டால் எமனைப் போலத் தெரிகிறது. பணம் போனதைவிட இதுதான் பெரிய நஷ்டம் என்று தோன்றியது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வெயிட்டிங் ரூம் ஐஸ்பெட்டி. போன் சார்ஜரை மறக்காதீர்கள். இனிப்பு வாங்குங்கள், பக்கத்து நாற்காலிக்காரருக்காக.

மதியம் டாக்டரம்மா வந்து எல்லாம் நன்றாக முடிந்தது என்றார். ருஸ்தம் மறுபடி பாட்டிலை நீட்டினார். அவர் மறுபடி மறுத்தார். இந்தத் தடவை ருஸ்தம் வாய்விட்டுச் சிரித்தார். உடனே மகளுக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினார்.

"நல்ல சேதி சொன்னீங்களா?" என்றேன்.

"சொன்னேன். இங்க வந்து டாக்டர் பரீட்சை எழுதுன்னும் சொன்னேன். அழறா."

"சந்தோஷத்துலயா?"

"இல்ல. இந்தத் தடவை படிக்கணுமே!"