பிறந்தநாளுக்கு வந்த இரங்கல்கள்

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் பட்டிமன்றம் ஒன்று கட்டாயம் இருக்கும். தலைப்பு மாறவே மாறாது: கைபேசி வரமா, சாபமா? நடுவர் நாற்காலியும் மாறாது, அது எனக்குத்தான். கீரனூரில் தமிழ் டீச்சராக இத்தனை காலம் குப்பை கொட்டியதற்குக் கிடைத்த மரியாதை. ஒவ்வொரு வருஷமும் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று வழவழவென்று பேசி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். மனசுக்குள் நான் சாபக் கட்சிதான். விடிந்ததும் விடியாததுமாக ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர்களை என்னால் மன்னிக்க முடிந்ததே இல்லை. ஆனால் போன வருஷம் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளில் நடந்ததைப் பார்த்த பிறகு, அந்த நாற்காலியில் உட்காரக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். எங்கள் மாதா கோவிலுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார். சாமியாருக்கு ஒத்தாசையாக ஜெபம் சொல்லிக்கொடுப்பவர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரைவிடக் கறாரானவர். பூப்படம் போடக் கூடாது, கல்யாணப் படம் போடக் கூடாது, கட்சிக்காரன் படம் போடவே கூடாது. போட்டால் ஆளையே குரூப்பை விட்டுத் தூக்கிவிடுவார். ஆகவே அதில் பூசை நேரம் வரும், விட்டால் சாவுச் செய்தி வரும். மனிதர் முகம் ஒன்று வந்தால் ஆள் போய்விட்டார் என்று பொருள். வயதைப் பார்ப்போம், கை கூப்பிய பொம்மையை அழுத்துவோம், அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்போம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, விரலுக்கே பழகிவிட்டது.

இது தெரியாத ஒரே ஆள் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி. குரூப்பில் இருக்கிறானே தவிர, அதைத் திறந்து பார்த்தவனில்லை.

அன்றைக்கு அப்பா எதிர்பார்த்தது என் தம்பியை அல்ல, தன் தம்பியை, என் சித்தப்பாவை. அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவைப் பெற்ற அப்பத்தா இறந்துபோனார். சித்தப்பா அப்போது வடக்கே ரயில்வேயில் வேலையில் இருந்தார். தந்தி கொடுத்தார்கள். அது எப்போது போய்ச் சேர்ந்தது, அவர் எந்த வண்டியைப் பிடித்தார் என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. நல்ல கோடை. ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எடுத்துவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய சித்தப்பா, தெருமுனையில் நின்றவரிடம் கேட்டது ஒன்றுதான்: "எடுத்துட்டாங்களா?" பதிலைக் கேட்டுவிட்டு நேராகக் கல்லறைக்குப் போனார். வீட்டு வாசலில் நின்று, "எனக்காக இன்னொரு நாள் வச்சிருக்க மாட்டியா அண்ணே?" என்று கேட்டார். "அந்த வெயில்ல எப்படிரா வைக்கிறது?" என்றார் அப்பா. அவ்வளவுதான். அதன் பிறகு சித்தப்பா எங்கள் படியேறவில்லை. என் கல்யாணத்துக்குக்கூடச் சித்தியைத்தான் அனுப்பிவைத்தார்.

ஓய்வு பெற்றபின் சித்தப்பா திருச்சிக்கே குடிவந்துவிட்டார். பஸ் ஏறினால் கீரனூர் தாண்டித் திருச்சி, எட்டிப் பிடிக்கிற தூரம்தான். கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்போதெல்லாம் அப்பா ஆட்டோவை அந்தத் தெரு வழியாக விடச் சொல்வார். வீட்டைப் பார்த்துக்கொண்டே வருவார், இறங்க மாட்டார். இறங்குங்களேன் என்றால், "அந்த வெயில்ல எப்படி வைக்கிறது?" என்று என்னிடம் நியாயம் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறந்தநாளுக்கு முந்தின நாள், "அவனுக்குச் சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார். சொல்லியிருந்தேன். சித்திதான் போனை எடுத்தார். "சொல்றேம்மா" என்றார். அந்தக் குரலிலேயே பதில் தெரிந்துவிட்டது.

காலையில் நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். தம்பி அனுப்பிய புது வேட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. சாமியானா கடைக்காரர். "டீச்சர், மனசத் தேத்திக்கங்க. ஐஸ் பெட்டி அனுப்பவா?"

குரூப்பைத் திறந்தேன். தம்பி ஏதோ ஆப்பில் செய்த வாழ்த்துப் படம். சுற்றிலும் பூ வளையம், மேலே சிலுவை, நடுவில் அப்பா. கீழே, 'எங்கள் அன்புத் தந்தை, வயது 80'. பிறந்தநாள் என்ற சொல்லை மட்டும் மகராசன் மறந்துவிட்டான். போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான், போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். படத்துக்குக் கீழே கை கூப்பிய பொம்மைகள் வரிசை கட்டி நின்றன.

அப்பா நலமாக இருக்கிறார் என்று உடனே எழுதினேன். அதற்குக் கீழேயும் ஒருவர், இறைவனில் இளைப்பாறட்டும் என்று போட்டார். எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் போடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு எப்போது வந்தது? உபதேசியார் போனில் வந்தார். "டீச்சர், துக்க மணி அடிச்சிரலாமா?" அப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார். "நான்தான் பேசுறேன். இப்ப வேணாம், தேவைப்படுறப்ப சொல்லி அனுப்புறேன்" என்றார்.

படத்தை உபதேசியார் அழித்தார். ஆனால் அதற்குள் அது ஊர் ஊராகக் கிளம்பிவிட்டது. படம் போகிற வேகத்தில் மறுப்பு போவதில்லை. சனம் வரத் தொடங்கியது. அழுதுகொண்டே வந்து, அப்பாவைப் பார்த்ததும் திகைத்து, சிரித்து, கேசரி சாப்பிட்டது. உட்கார இடம் போதாமல் என் கணவர் பக்கத்து வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டார். வாசல் அசல் சாவு வீடாகவே ஆகிவிட்டது. அப்பா கேட்டோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, யார் யார் என்ன எழுதினார்கள் என்று என்னைப் படிக்கச் சொன்னார். "இவனா? உயிரோட இருக்குறப்ப ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே" என்று ரசித்துக் கேட்டார். எல்லாம் முடிந்ததும், "அவன் ஒண்ணும் போடலையா?" என்றார்.

"சித்தப்பா இந்தக் குரூப்புல இல்லப்பா."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வரும்போது தெருவில் ஆட்டோ ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கியவரை முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. முடி கொட்டிப்போய், உடம்பு வற்றி, கையில் ஒரு பெரிய ரோஜா மாலையோடு சித்தப்பா. யாரோ அவருக்கும் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். நாற்காலிகளையும் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். கண்ணில் தண்ணீர் மறைத்தது போலிருக்கிறது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஓரத்து நாற்காலியில் இருந்த கிழவரிடம் குனிந்து கேட்டார்.

"எடுத்துட்டாங்களா?"

அப்பா அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"இல்லடா. நீ வரணும்னுதான் வச்சிருக்கோம்."

குரலைக் கேட்டுத்தான் சித்தப்பாவுக்கு ஆள் தெரிந்தது. கையில் இருந்த மாலையாலேயே அப்பாவின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். புது வேட்டியெல்லாம் ரோஜா இதழ்கள். அடித்துவிட்டு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதார்.

"அன்னிக்கும் இப்படி வச்சிருக்கலாம்ல அண்ணே."

வழக்கமான பதிலுக்காக நான் காத்திருந்தேன். அப்பா வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

"வச்சிருக்கணும்டா" என்றார்.