பாய் தேய்த்த பிளாஸ்டிக் நோட்டு

ரங்கூனில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையில் நான் சேர்ந்த முதல் நாளே, முதலாளி காதர் பாய் என் கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தார். எங்கள் ஊரில் டாலர் நோட்டில் ஒரு மடிப்பு விழுந்தால் விலை இறங்கிவிடும். அதைக் குறைத்து வாங்கி, துணி விரித்துத் தேய்த்து, மொடமொடவென்று ஆக்கி முழு விலைக்கு விற்பதுதான் பாயின் தொழில் ரகசியம்.

பிறகு சிங்கப்பூர் போன்ற நாடுகள் வெயிலுக்கும் வேர்வைக்கும் பயந்து பிளாஸ்டிக் நோட்டுக்கு மாறின. நனையாது, கிழியாது என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். சூட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மழை தொடங்கிய சமயம், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து படகேறி மரியம்மாக்கா வந்தார். வீடு ஒழுகி அரிசி மூட்டை நனைந்துவிட்டதாம். கூரைக்குத் தகரம் வாங்கச் சொல்லி மகன் சிங்கப்பூரிலிருந்து பத்து டாலர் நோட்டாக ஐந்தை ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தான். படகில் திருட்டுப் பயம் என்று அக்கா அவற்றைச் சின்னதாக மடித்துச் சுருக்குப்பையில் திணித்துக் கொண்டு வந்திருந்தார்.

பாய் நோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மடிப்பு இருக்குக்கா. பாதி விலைதான்."

"அப்ப பாதிக் கூரைதான் போடணுமா பாய்?"

பாய்க்குச் சுருக்கென்றது. தேய்த்துப் பார்க்கலாம், மடிப்புப் போனால் முழு விலை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். ஐந்தையும் அடுக்கி, துணி மூடி, பெட்டியை நன்றாக அழுத்தினார். கடை முழுக்கப் பிளாஸ்டிக் வாளி கருகிய நாற்றம். துணியை எடுத்தால், ஐந்தும் ஒட்டிச் சுருங்கி மிட்டாய் உறை அளவில் கிடந்தன. நான் சிரிப்பை அடக்கக் கல்லாவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு நிதானமாகக் கேட்டார்.

"மடிப்புப் போச்சுல்ல பாய்? முழு விலையக் குடுங்க."

வாக்கு வாக்குதான். பாய் பெருமூச்சுவிட்டு, எங்கள் ஊர்ப் பணமான கியாட் நோட்டுகளை எடுத்து வைத்தார். அக்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பித் தள்ளினார்.

"இதுலயும் மடிப்பு இருக்கே."

கல்லாவைக் கவிழ்த்தாலும் மடியாத கியாட் எங்கே கிடைக்கும்? கடைசியில் பாய் பெட்டியைச் சூடாக்கி, அக்காவின் பணத்தை ஒவ்வொரு தாளாகத் தேய்த்துக் கொடுத்தார். அன்று மாலையே தகரம் படகேறியது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, பிளாஸ்டிக்கைத் தேய்க்கக் கூடாது என்று உங்களுக்கே தெரியும். அடுத்தவர் மடிப்புக்கு விலை குறைக்கும் முன் உங்கள் கல்லாவை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.