வலைக்கு ரெண்டு

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மீன்காரர் வண்டியில் வருவார். இன்று அவர் பெட்டியைத் திறந்ததும் நெத்திலிக் கருவாட்டு வாசனை மாடிவரை ஏறியது. பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்தினார். நான் திறந்துவைத்தேன். எனக்கு அது மூன்றாம் வகுப்பின் வாசனை.

மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளியில் அப்போது நான் மூன்றாம் வகுப்புக்குத் தற்காலிக டீச்சர். படாளத்துக்காரி, வயல் நண்டு தெரியும், கடல் நண்டு தெரியாது. ஒரு பையன் டிபன் டப்பாவில் உயிரோடு ஒன்றைக் கொண்டுவந்தபோது நாற்காலிமேல் ஏறி நின்றேன். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் என்னிடம் பேசவே ஆரம்பித்தார்கள்.

கணக்குக்கு மேலிடத்திலிருந்து ஒரு கையேடு வந்தது. டீச்சர் என்ன சொல்ல வேண்டும், பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்று வரிவரியாக அதிலேயே இருக்கும். எங்கே தும்மலாம் என்பதை மட்டும்தான் போடவில்லை.

“ஒரு வரி தாண்டாதம்மா. ஆபீசர் பாத்துட்டா அடுத்த வருஷம் உனுக்கு வேலை கெடயாது” என்றார் தலைமையாசிரியை. அப்பா படுத்திருந்த வருடம் அது. என் சம்பளம்தான் வீடு.

வகுத்தல் பாடம் வந்தது. பன்னிரண்டு லட்டை நான்கு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை? கையேட்டுப் பிள்ளைகள் மூன்று என்பார்கள். என் பிள்ளைகள் ஒரே குரலில் “ரெண்டு!” என்றார்கள்.

“மீதி நாலு எங்க?”

முதல் வரிசைக் கோமதி எழுந்தாள். “போட்டுக்கு ரெண்டு, வலைக்கு ரெண்டு.”

“லட்டுக்கு இன்னாத்துக்குடி வலை?”

“பின்ன, சும்மாவா வந்துச்சி லட்டு?”

வகுப்பே சிரித்தது. அவர்கள் வீட்டில் பங்கு என்றால் அப்படித்தான்: கடலுக்குப் போன ஆட்களோடு படகுக்கும் ஒரு பங்கு, வலைக்கும் ஒரு பங்கு. கணக்கில் தப்பில்லை. லட்டுதான் தப்பு.

மறுநாள் லட்டை எடுத்துவிட்டு மட்டியை வைத்தேன். கரையில் வெறுங்கையால் பொறுக்குகிற சிப்பிக்குப் படகு எதற்கு, வலை எதற்கு? “மூணு!” என்று கத்தினார்கள். பிறகு தரையில் சாக்பீஸால் படகு வரைந்து, மட்டிக் கணக்கு ஒன்று, வலைக் கணக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டோம். வகுத்தல் பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது.

ஆபீசர் வந்தார். நான் பயத்தில் கையேட்டு லட்டையே வாசித்தேன். கோமதி விடவில்லை. “டீச்சர், இது மட்டியா, வலையா?”

அவர் அவளிடமே விவரம் கேட்டார். “பதினெட்டு மீன், நாலு பேரு. சொல்லு.”

“போட்டு, வலை உண்டா சார்?”

“உண்டு.”

“ஆளுக்கு மூணு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் என்னிடம், “நல்லாத்தாம்மா கீது. ஆனா பரீட்சைல லட்டுதான் வரும்” என்றார். ஜூனில் என் இடத்துக்கு வேறொருவர் வந்தார். நான் கூடுவாஞ்சேரியில் ஒரு கடையில் பில் போடப் போனேன்.

இப்போது அந்தப் பள்ளி பூட்டிக் கிடக்கிறதாம். குப்பத்துப் பிள்ளைகளை வேன் வந்து ஏற்றிப்போகிறது. ஆனால் எனக்கு அந்தப் பள்ளி இல்லாமல் போனது அதற்கும் முன்பே, வேலை போன அடுத்த வருடம் பஸ் ஸ்டாண்டில் கோமதியைப் பார்த்த அன்று.

“இப்பல்லாம் லட்டுக்குக் கரெக்டா மூணுன்னு சொல்லிடறோம் டீச்சர்” என்றாள் பெருமையாக.

“வலைக்கு?”

“அதெல்லாம் ஸ்கூல்ல கெடயாது டீச்சர்.”