சுட்ட ரெகுலேட்டரும் குளிர்ந்த ரெகுலேட்டரும்

ஆறாம் வகுப்போடு நின்ற நான் கோட்டாறில் சொந்தமாக ரேடியோ கடை போட்டேன். கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்தேன். படகின் இருபத்துநாலு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் ஜிபிஎஸ் ஓடுவதற்கு டப்பா செய்தேன். யாரும் சொல்லித்தரவில்லை.

கன்னியாகுமரி மீனவர் அருளப்பனின் ஜிபிஎஸ்ஸுக்கு, டப்பாவுக்குள் வோல்ட்டைக் குறைக்கும் மூன்றுகால் ரெகுலேட்டர் ஒன்றின் கரண்ட் போதவில்லை. இரண்டைக் காலோடு கால் சேர்த்துப் பற்றவைத்து, "இனி ரெட்டிப்பு கரண்ட்" என்று நெஞ்சு நிமிர்த்திக் கொடுத்தேன்.

நாலாம் நாள் டப்பாவோடு வந்து நின்றார்.

"ஓய், ஒம்ம டப்பா நடுக்கடல்ல கண்ண மூடிட்டு. மழை மூடலுல கரை எந்தப் பக்கம்னே தெரியல்ல. நாலு பேரு உசுரு ஓய்!"

டப்பாவை ஓடவிட்டு, இரண்டு ரெகுலேட்டரின் மேலும் விரல் வைத்தேன். ஒன்று தோலைப் பொசுக்கியது. மற்றது குளிர்ந்து கிடந்தது. இரண்டும் ஒரே நம்பர் ரெகுலேட்டர்தான், ஆனாலும் ஒன்று துளி வோல்ட் கூடுதலாகத் தந்தது. சுமை முழுவதையும் அதுவே இழுத்துச் சூடேறி அணைந்திருக்கிறது. அப்புறம் மற்றதால் தனியாகத் தாங்க முடியவில்லை.

இரண்டிலும் கரண்ட் வெளியேறும் காலில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வைத்தேன். சுமை சமமாகப் பங்காகி, இரண்டும் ஒன்றுபோலச் சுட்டன.

"நம்பிக் கடலுக்குப் போவலாமா ஓய்?"

"நானும் படகுல வாறேன்."

போனேன். கரை திரும்பும் வரை ஜிபிஎஸ் திரை அணையவில்லை.

இன்று அருளப்பனின் மச்சான், வளைகுடாவில் இருந்த இன்ஜினியர், அதே டப்பாவில் தன் பெயரை ஒட்டி விற்கிறார். நாலு பேரைக் கடலில் தவிக்கவிட்ட தப்பு என்னுடையது. அதைத் திருத்திய ரெசிஸ்டரும் என்னுடையது. இரண்டுக்கும் சேர்த்து அந்த டப்பாவில் என் பெயரை எழுதுங்கள்.