யோகலிங்கம் நிறுத்திய ஃபான்

லண்டன் வால்தம்ஸ்டோவில் யோகலிங்கத்தைத் தெரியாத தமிழ்க் குசினி இல்லை. சமைக்கிற மணம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் தடுப்பதுதான் அவர் தொழில். ஃபானும் கரி பில்டரும் பொருத்துவார். நான் அவருக்கு வான் ஓட்டினேன், ஏணி பிடித்தேன், ஏச்சும் வாங்கினேன்.

எல்லாருக்கும் பெரிய ஃபான்தான் வேண்டும். "பெரிய ஃபான் காத்தை இழுத்துக்கொண்டு ஓடும். கரிக்கு மணத்தைப் பிடிக்க நேரம் வேணுமெல்லோ?" என்று சீறுவார். கடையில் பில்டரைத் தூக்கிப் பாரம் பார்ப்பார், காதோடு வைத்துக் குலுக்குவார். சலசலத்தால் உள்ளே கரி நிறைய இல்லை, இடைவெளியால் மணம் தப்பிவிடும் என்று திருப்பி வைத்துவிடுவார். மலிவானதே போதும் என்கிறவர்களை, "கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை" என்பார். அறைக்குள் செடி வளர்க்கிற இரண்டு பேர் ஒருமுறை கூப்பிட்டார்கள். என்ன செடி என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். கஞ்சா என்று விளங்கியதும் மனிதர் எழும்பி வந்துவிட்டார்.

"என்ர கையால போட்டதில ஒரு குறையும் வராது." இதை நாளுக்கு நாலு தரம் சொல்வார். பன்னிரண்டு வருஷமாக ஒரு முறைப்பாடும் வராததால் நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தொண்ணூற்று மூன்றில் கமலாம்பிகையின் கணவர் தில்லையம்பலம் காலமானார். மேல்மாடி வீடு, குடிவந்து மூன்று மாதம். கீழ்வீட்டார் சமையல் மணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். இன்னொரு முறைப்பாடு வந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று வீட்டுக்காரர் கடிதம் போட்டிருந்தார். எட்டாம் நாளோ எட்டுச்செலவு. அன்று செத்தவர் வீட்டுக்கு வருவார் என்று நம்பிக்கை; அவருக்குப் பிடித்த மீன், நண்டு என்று மச்சமெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். அதற்கு முதல்நாளே யோகலிங்கம் போய் ஃபானையும் பில்டரையும் பொருத்திவிட்டார்.

அன்று நண்டு கொதித்தது, கருவாடு பொரிந்தது. நான் தெருவில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. யோகலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. படத்துக்கு முன்னால் இலையில் பரிமாறிக்கொண்டிருந்த கமலாம்பிகை கையை நிறுத்தினார்.

"யோகண்ணை, வெளியில ஒரு மணமும் இல்லையோ?"

"துப்பரவா இல்லை, பிள்ளை."

"அவர் இந்த வீட்டில பதினொரு நாள்தான் இருந்தவர். பிறகு ஆஸ்பத்திரிதானே. மணமும் இல்லாட்டி எப்பிடி அண்ணை வீட்டைக் கண்டுபிடிச்சு வருவார்?"

யோகலிங்கம் ஃபானை நிறுத்திவிட்டுக் குசினி யன்னலை முழுதாகத் திறந்தார்.

"அண்ணை, கீழ்வீட்டுக்காரர்..." என்று இழுத்தேன்.

"வாயை மூடடா."

படைத்து முடியும்வரை அரை மணித்தியாலம் அப்படியே விட்டார். தெரு முழுக்கக் கருவாடு மணத்தது.

அடுத்த கிழமை வீட்டை விட்டுப் போகச் சொல்லி வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. கமலாம்பிகை அழுதுகொண்டு அதைக் கொண்டுவந்தார். யோகலிங்கம் இரண்டு தரம் வாசித்தார். பிறகு பேனையை எடுத்து மறுமொழியைத் தானே எழுதினார். "பில்டரைப் பிழையாகப் பொருத்தியது நான், குடியிருப்பவர் மேல் குற்றமில்லை, இப்போது திருத்திவிட்டேன்." கீழே பெயரையும் தொழிலையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். வீட்டுக்காரர் அதை நம்பினார். கமலாம்பிகை அந்த வீட்டிலேயே இருந்தார்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அவரோடு வேலைக்குப் போனேன். பில்டரைக் குலுக்கினார், ஏசினார், கழுதையையும் விடவில்லை. தன் கையால் போட்டதில் குறை வராது என்ற பேச்சை மட்டும் அவர் வாயில் நான் பிறகு கேட்கவில்லை.