ஸ்டெல்லாவின் டேங்குக்கு வால்வு தேடிய கதை

தாம்பரத்தில் ஒரு சிலிண்டர் டெஸ்டிங் ஷெட்டில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்தது. கோவளத்தில் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கும் ஸ்டெல்லா, ஒரு திங்கட்கிழமை இரண்டு பழைய டேங்குகளோடு வந்தார். டேங்க் இரண்டும் பிரஷர் டெஸ்டில் பாஸ். தலையிலிருந்த வால்வுகள்தான் உப்பு அரித்து விரிசல் விட்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதல் பேட்ச் கடலில் இறங்க வேண்டும். மீனவக் குடும்பத்துப் பெண்கள் நான்கு பேர். ஸ்டெல்லா மாட்டிக்கொள்வது போக நல்ல டேங்க் வேறு இரண்டுதான் இருந்தது.

"ரெண்டு பேர மட்டும் கரையில உக்காருன்னு எப்படி மேடம் சொல்றது?" என்றார்.

எங்கள் முதலாளி ஒரு புது வால்வை எடுத்துத் திருகினார். ஏறியது.

"பாத்தியாம்மா, சோக்கா ஒக்காந்துகிச்சு. லேசா ஆடுது, டேப்பு ரெண்டு சுத்து சுத்துனா டைட்டாயிடும்."

"அப்ப நீங்களே முதுகுல மாட்டிக்கினு குதிங்க சார்!" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் முதலாளி என்றெல்லாம் பார்க்க மாட்டேன். டேங்கின் மரை பைப் கணக்கில் முக்கால் இன்ச், அளந்தால் இருபத்தாறு எம்.எம்.முக்குக் கொஞ்சம் மேலே வரும். புது வால்வு இருபத்தைந்து எம்.எம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், திருகினால் ஏறவும் செய்யும். காற்றை அடைத்தால் பிய்த்துக்கொண்டு பறக்கும். எதிரில் நிற்பவர் உயிர் போய்விடும்.

முக்கால் இன்ச் வால்வு கேட்டு நாலு நாள் போன் போட்டு ஓய்ந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் பழைய சாமான் சந்தையையும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

அன்று மாலை, தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிக்க அனகாபுத்தூரில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பள்ளி விடும் மணி அடித்தது. நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மணி ஒரு ஸ்கூபா டேங்க்! பக்கத்தில் இன்னொன்றும் தொங்கியது.

டெஸ்டில் ஃபெயிலான டேங்கை யாரும் மறுபடி நிரப்பிவிடக் கூடாது என்று அடியை அறுத்துவிடுவோம். அப்படி அறுத்த இரண்டை முதலாளி எப்போதோ இந்தப் பள்ளிக்கு மணியாகக் கொடுத்திருக்கிறார், தொங்கவிட வசதியாக வால்வைக் கழற்றாமலே. ஏணி போட்டு மணிகளை இறக்கி, வால்வுகளைக் கழற்றி அளந்து பார்த்தேன். இரண்டுமே முக்கால் இன்ச்.

"மணிய எடுத்துட்டா எங்க பசங்கள எப்படிங்க கிளாஸுக்குள்ள தள்றது?" என்றார் தலைமை ஆசிரியை.

"திங்கக்கிழமை காலையில கொக்கி போட்டு நானே மாட்டித் தரேன் மேடம்."

சனிக்கிழமை வால்வுகளைப் பிரித்துக் கழுவினேன். உள் சீட், ஓ-ரிங், சேஃப்டி டிஸ்க் எல்லாம் புதிதாகப் போட்டேன். காற்றை நிரப்பித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம். ஒரு குமிழிகூட வரவில்லை. முதலாளி விசிலடித்தார்.

ஞாயிறன்று கோவளத்தில் நான்கு பேரும் இறங்கினார்கள். நான் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக நான்கு தலைகளும் மேலே வந்தன. ஒருத்தி கரைக்கு வந்ததும் வராததுமாக, "யம்மா, வலையில பாத்த மீன் எல்லாம் என்ன மொறைக்குதும்மா!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

தப்பான வால்வை மறுத்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் மறுத்ததோடு என் வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தால், அந்த நால்வரில் இருவர் கரையில்தான் நின்றிருப்பார்கள். வேண்டாம் என்று சொன்னவர்தான் சரியானதையும் தேடித் தர வேண்டும்.