இரண்டு வருடம் கேட்ட அக்கா

எங்கள் அக்கா தாழ்வுபாடு என்ற கரையோர ஊரில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவின் தோளில் இருந்தபடி படகேறி இராமேஸ்வரம் போனவர். அகதி முகாமில் வளர்ந்து பட்டமும் பெற்றார். சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பியபோது அப்பா உயிரோடு இல்லை. எங்கள் காணியில் பற்றைக்காடுதான் இருந்தது. அக்காவின் இந்தியச் சான்றிதழை அரசாங்கக் கந்தோர்களில் உடனே ஏற்கவில்லை. முன்பள்ளியில் சிறு சம்பளத்துக்குக் கற்பித்தபடி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் கலியாணம் பொருந்தியது. சீதனமாகக் கொடுக்க எங்களிடம் வீடில்லாததால், அக்கா அத்தானின் வீட்டுக்கே வாழப் போனார். பயிற்சி முடியும்வரை, பிள்ளைக்கு இரண்டு வருடம் பொறுப்போம் என்று கேட்டார். அத்தானும் ஓம் என்றார்.

அந்த வீட்டின் மூத்த மருமகள் அரசாங்க உத்தியோகத்தர். தன் சீதன வீட்டில் இருந்தவர். அவர் நான்கு வருடம் பொறுத்துத்தான் பிள்ளை பெற்றார். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. எங்கள் அக்காவை மூன்றாம் மாதமே கேட்கத் தொடங்கினார்கள். பிள்ளையைத் தள்ளிப்போட மருத்துவமாது கொடுத்த குளிசைகளை அத்தானின் தாயாரான மாமி அலுமாரியில் கண்டெடுத்து அடுப்பில் போட்டார்.

"காம்பிலயிருந்து வெறுங்கையோட வந்தனீ. பிள்ளையையாவது பெத்துத் தா," என்றார். அன்று நான் அங்கே நின்றேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; தலை நிமிரவில்லை.

பயிற்சிக்கான கடிதம் வந்தபோது அக்காவுக்கு எட்டு மாதம். வயிற்றை வெட்டித்தான் மகளை எடுத்தார்கள். அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடமாவது பொறுக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த வீட்டுக்கோ ஆண்பிள்ளை வேண்டியிருந்தது.

"எனக்கொரு வேலை இருந்திருந்தா என்ர சொல்லையும் கேட்டிருப்பினம், தங்கச்சி," என்றார் அக்கா. அப்போது, அந்த இரண்டு வருடம் முடியுமுன்பே, இரண்டாவது பிள்ளை வயிற்றில். ஏழாம் மாதம் பழைய வெட்டு உள்ளே கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இருவரும் போய்விட்டார்கள்.

சேமக்காலையில் அக்காவை அடக்கி மண் போட்டு முடியுமுன் மாமி சொன்னார்: "ஏலாத உடம்பை எங்கட தலையில கட்டிவிட்டிட்டினம்."

அக்காவின் மகள் எங்களிடம் வளர்கிறாள். அவளைப் பார்க்க அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. ஆறு மாதத்தில் வெள்ளாங்குளத்தில் ஓர் ஆசிரியையை அத்தானுக்குக் கலியாணம் பேசினார்கள். அக்காவின் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

ஆசிரியை அட்டையின் இரண்டு பக்கமும் வாசித்தார்.

"பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கே. பிறகு ஆர் அவசரப்பட்டது?"

"மாமி. அத்தான் வாய் திறக்கேல்ல."

"நான் வேண்டாமெண்டு சொல்லுறன். நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அடுத்த கிழமை மாமி எங்கள் படலையில் வந்து நின்றார். "என்ர பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்திட்டாய்."

"ஓம் மாமி, கெடுத்தனான்," என்றேன். அன்று அக்கா போனபின் முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

அவர்களை மன்னிக்கும்படி பங்குச் சுவாமி சொன்னார். ஆண்டுத் திருப்பலியில் அக்காவின் ஆன்மா இளைப்பாற மட்டுமே செபித்தேன்.

வெயிலில் வீடு தேடி வந்த மருத்துவமாதுவுக்கும், அக்காவை ஓட்டோவில் ஏற்றி ஓடிய அயலவருக்கும், வெள்ளாங்குளத்து ஆசிரியைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தானின் வீட்டாருக்கு நன்றி சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. அவர்கள் இப்போது இன்னோர் இடத்தில் பெண் பேசுவதாக அறிகிறேன். அக்காவின் இந்த நினைவு மலரின் முதற் பிரதி அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது.